வாடிக்கையாளர் நிறத்தைச் சொல்லித் திட்டினால் மேனேஜர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டரில் படித்துக்கொண்டே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பகுதிநேரமாக டில்லில் (பில் போட்டுப் பணம் வாங்கும் இடத்தில்) நிற்கிறேன். அடிக்கடி வரும் ஒருவர் என் கையால் மீதிச் சில்லறை வாங்க மாட்டேன் என்கிறார், ‘உன் நாட்டுக்குப் போ’ என்று கத்துகிறார். மேனேஜர் ‘கண்டுகொள்ளாதே’ என்றார். இப்போது அந்த ஆள் வந்தாலே என்னைப் பின்னால் சாமான் அடுக்க அனுப்பிவிடுகிறார். மாணவர் விசா என்பதால் புகார் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். புகார் கொடுப்பது விசா விதிமீறல் இல்லை. படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்ற வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். 2010 சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பு பகுதிநேரக்காரருக்கும் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. புகார் கொடுத்ததற்காக ஷிஃப்டைக் குறைத்தால், அதையும் அந்தச் சட்டம் தனித் தவறாகவே பார்க்கிறது.

எனக்கு அந்த வாடிக்கையாளரைவிட உங்கள் மேனேஜர்மீதுதான் கோபம் வருகிறது. உங்களைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார், ஆனால் ஒருவருடைய இனவெறிக்கு ஏற்றபடி உங்களை இடம் மாற்றினால் அந்தப் பாகுபாட்டைச் செய்தது கடைதான் என்று ஆகிவிடும். ‘வாடிக்கையாளர் விருப்பம்’, ‘நல்லெண்ணத்தில் செய்தேன்’ என்பதெல்லாம் அங்கே எடுபடாது. நீங்களே கேட்டு மாறியிருந்தால் கதை வேறு. நீங்கள் கேட்கவில்லை.

வாடிக்கையாளர் பேசிய பேச்சுக்குக் கடை பொறுப்பா என்பது கொஞ்சம் சிக்கலானது. அப்படிப் பொறுப்பாக்கிய பிரிவை 2013 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள், இத்தனை வருடம் ஊழியர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். 2025 வேலையுரிமைச் சட்டம் அதைத் திரும்பக் கொண்டுவருகிறது. 2026 அக்டோபர் முதல் என்பது அரசு அறிவித்திருக்கும் கால அட்டவணை. ஆனால் உங்களைப் பின்னால் அனுப்பும் விஷயத்துக்கு அந்தப் புதுச் சட்டம் தேவையே இல்லை.

ஆகவே மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணி, அந்த ஆள் சொன்ன வார்த்தைகள் அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள், அப்புறம் ‘டில்லிலிருந்து என்னை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை’ என்ற ஒரு வரி. சிசிடிவி பதிவை எடுத்து வைக்கச் சொல்லியும் அதிலேயே கேளுங்கள், பல கடைகளில் சில வாரங்களில் அழிந்துவிடும். அந்த ஆளைக் கடைக்குள் வரக்கூடாது என்று சொல்ல நிர்வாகத்துக்கு முழு உரிமை இருக்கிறது, அதையும் கோரிக்கையாக வையுங்கள்.

அவர் மறுபடி வந்தால் வாதாட வேண்டாம். ‘இப்படிப் பேசினால் உங்களுக்குப் பில் போட முடியாது, மேனேஜரைக் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். இப்படிச் சொல்லலாம் என்று மேனேஜரிடம் முன்பே ஒப்புதல் வாங்கி வைத்தால் உங்களுக்கும் தைரியம் வரும். மிரட்டினாலோ கைநீட்டினாலோ போலீஸ் அவசர எண் 999. அவசரமில்லாத நேரத்தில் போலீஸுக்கு 101. இன வெறுப்போடு செய்த குற்றம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், 1998 சட்டத்தின்படி அப்படிப்பட்ட குற்றங்களுக்குத் தண்டனை கூடும்.

கடைத் தொழிலாளர் சங்கமான அஸ்டாவில் (Usdaw, அஸ்டா சூப்பர் மார்க்கெட் அல்ல) பகுதிநேரக்காரரும் சேரலாம். சேருங்கள், தனியாக மேனேஜர் அறைக்குள் போவதும் சங்க ஆளோடு போவதும் ஒன்றில்லை. சங்கம் இல்லாவிட்டாலும் வேலைத் தகராறுகளுக்கு ஆலோசனையும் சமரசமும் செய்யும் ஏகாஸ் (Acas) என்ற அமைப்பு இருக்கிறது: 0300 123 1100, இலவச ஆலோசனை. வேலைத் தீர்ப்பாயம் போவதானால் முதலில் அவர்களிடம்தான் சமரசத்துக்குப் பதிய வேண்டும். அதற்குச் சம்பவ நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் அவகாசம். ஆறு மாதமாக நீட்டப்போகிறார்கள், ஆனாலும் நீங்கள் மூன்று என்றே கணக்கு வையுங்கள், உங்களை முதல்முறை பின்னால் அனுப்பிய தேதியிலிருந்து.