என்ஜின் அடியில் ஆயில் கசிந்தால் கேஸையே மாற்ற வேண்டுமா?

பைக் நின்ற இடத்தில் ஆயில் சொட்டுகிறது, என்ஜின் கேஸில், அதாவது வெளிக்கூட்டில், விரிசல் என்கிறார் மெக்கானிக், கேஸை மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதனால் சொட்டும் இடத்தை வைத்துக் கசியும் இடத்தைச் சொல்ல முடியாது. ஆறிய என்ஜினை மண்ணெண்ணெய் விட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, முழுக்க உலர்ந்தபின் முகப் பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டால் பவுடரில் ஈரக்கோடு விழும். அதன் மேல்முனைதான் கசிவின் வாய். பல வண்டிகளில் குற்றவாளி இரு பாகங்களுக்கு இடையே வைக்கும் கேஸ்கெட்டோ, அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷரோதான், போகிற செலவு சொற்பம்.

விரிசலேதான் என்றால், டிரெயின் போல்ட் துளையைச் சுற்றிப் பாருங்கள். ஸ்பேனரில் பலத்தைக் காட்டுபவர்களின் கைவண்ணம் அங்கேதான் தெரியும். மயிரிழை விரிசலுக்கு ஆயிலை வடித்து, பிசுக்கு நீக்கி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி உலோகத்தூள் கலந்த எபாக்ஸி பசை பூசலாம், அது தற்காலிகமே. நிலைத்து நிற்பது, ஆர்கான் வாயுவைப் பாய்ச்சிப் பற்றவைக்கும் ஆர்கான் வெல்டிங். என்ஜினைப் பிரித்து, விரிசல் மேலும் ஓடாதபடி இரு முனையிலும் சிறு துளையிட்டு, விரிசல் நெடுக வெட்டுப்பள்ளம் எடுத்தபின் பற்றவைப்பார்கள். கேஸின் அலுமினியத்தில் ஊறிய ஆயிலைச் சூடுகாட்டி வெளியேற்றாவிட்டால் பற்றவைப்பில் குமிழி விழுந்து மறுபடி கசியும். பேரிங் உட்காரும் இடத்தை விரிசல் தொட்டிருந்தால் மட்டும் மெக்கானிக் சொல்வதைக் கேட்டுக் கேஸை மாற்றுங்கள்.