யென்ஸ் முங்க் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தரங்கம்பாடி கோட்டையைப் பார்த்துவிட்டு வந்து அதைக் கட்டிய டேனிஷ் தளபதி ஓவே கெட்டேயைப் பற்றித் தேடினேன். யென்ஸ் முங்க் என்ற மாலுமியின் பெயர் கண்ணில் பட்டது. கிழக்கிந்தியப் பயணம் கை நழுவி, வடகடலுக்குப் போய் ஆட்களையெல்லாம் பறிகொடுத்தாராமே. எதையும் சாதிக்காதவரை ஏன் இன்றும் பேசுகிறார்கள்? அத்தனை பேரும் சாகக் காரணம் கரடிக்கறி என்பது உண்மையா?

ச., மயிலாடுதுறை

அன்புள்ள ச.,

இந்தியப் பயண ஏற்பாடுகளில் முங்க் இருந்தார். ஆனால் தலைமை 24 வயதுகூட நிரம்பாத கெட்டேக்குப் போனது. முங்க் சிறுவயதிலேயே பிரேசில் வரை போய்க் கடற்கொள்ளையரிடம் சிக்கித் தப்பியவர். அவரை டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1619 மே மாதம் ஆசியாவுக்கு வடமேற்குக் கடல்வழி தேட அனுப்பினார். இரண்டு கப்பல்கள், ஏறத்தாழ 65 பேர். ஹட்சன் விரிகுடாவில், இன்றைய கனடாவின் சர்ச்சில் ஆற்று முகத்தில் பனி அவர்களை மடக்கிவிட்டது.

வழி கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் அவருடைய நாட்குறிப்பைப் படித்தால் அவரைத் தோற்றவர் என்று சொல்ல மனம் வராது. கிறிஸ்துமஸ் அன்று பாதிரியார் ராஸ்முஸ் யென்சனுக்குக் காணிக்கை போடப் பலரிடம் காசில்லை. வெள்ளை நரித்தோலைக் கொடுக்கிறார்கள். ஓர் அங்கிக்கு உள்ளே வைத்துத் தைக்கப் போதுமான தோல் சேர்ந்தது என்று எழுதுகிறார் முங்க். பிப்ரவரியில் அந்தப் பாதிரியாரின் சாவையும் அவரே எழுதினார். பிறகு ஒவ்வொருவராக. பிணத்தைப் புதைக்கவும் ஆளில்லாமல் போனது. 1620 ஜூன் 4 அன்று உலகத்திடம் விடைபெற்று, ஆன்மாவைக் கடவுளிடம் ஒப்படைத்து எழுதிவிட்டார். தன் கப்பலில் மிஞ்சியவர் அவர் மட்டுமே. ஆனால் கரையில் இன்னும் இருவர் உயிரோடு இருந்தார்கள். மூவருமாகச் சின்னக் கப்பலைச் செப்பனிட்டு, ஜூலையில் புறப்பட்டு, செப்டம்பரில் நார்வே சேர்ந்தார்கள். ஒரு கப்பலை ஓட்ட மூன்றே பேர், அதுவும் எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்தவர்கள்! அதே ஆண்டு நவம்பரில்தான் கெட்டே தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்தார். நாம் கோட்டையைப் பார்க்கிறோம், அதனால் கெட்டே ஜெயித்தவராகத் தெரிகிறார். எனக்கு முங்க்தான் பெரியவர். சாவுகளை மறைக்காமல், தன்னை நாயகனாக்கிக்கொள்ளாமல், 1624-இல் அதை நூலாகவும் அச்சிட்டார்.

கரடிக்கறி விஷயம் ஓர் ஊகம். செப்டம்பரில் ஒரு பனிக்கரடியைக் கொன்று, லேசாக அவித்து, ஓரிரவு வினிகரில் ஊறவைத்துத் தின்றார்கள். அரைவேக்காட்டுக் கறியிலிருந்த புழுதான் கொன்றது என்பது சிலர் வாதம். எனக்கு ஸ்கர்விதான், அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய்தான், முதற்காரணமாகப் படுகிறது. பனி உருகிய இடத்தில் முளைத்த பச்சையை வேரோடு பிடுங்கிச் சப்பிய பிறகே மூவரும் தேறினார்கள். புழு நோய் பச்சிலைக்கு அப்படி அடங்காது. இரண்டும் சேர்ந்து தாக்கியிருக்கவும் கூடும்.

அன்புடன்.