சைகோனில் எங்கே சாப்பிடுவது?

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் நானும் மனைவியும் வியட்நாம் போகிறோம். முதல் வெளிநாட்டுப் பயணம். கொச்சியில் ஏறி சைகோனில் இறங்குகிறோம், ஆறு நாள். தினமும் இந்திய உணவகத்தில்தான் சாப்பாடு என்கிறார் பயண ஏற்பாட்டாளர். அவ்வளவு தூரம் போயும் பனீர் பட்டர் மசாலாவா என்று இருக்கிறது. எங்களுக்கு அந்த மொழி தெரியாது. மனைவி சைவம். நல்ல உள்ளூர்ச் சாப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

ரா., புளியரை

அன்புள்ள ரா.,

புளியரையில் இருப்பவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மலையேறி ஆரியங்காவு போய்க் காலை ஏழரைக்குப் புட்டும் கடலையும் கேட்டால் ஆவி பறக்க வரும். பதினொன்றரைக்குக் கேட்டால் ‘தீர்ந்நு’ என்பார்கள். நம் பிரானூர் பார்டரில் பொழுது சாய்ந்தபின் கல்லில் புரோட்டா விழும் வேகமே வேறு. ஓர் ஊர் எதை எப்போது சாப்பிடுகிறதோ, அதை அப்போது போய்ச் சாப்பிட வேண்டும். கடையைத் தேடுவதைவிட நேரத்தைப் பிடிப்பது முக்கியம் என்று நான் சைகோன் போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் தடவை சைகோன் போனபோது, தங்கிய விடுதியில் ‘நல்ல ஹோட்டல் எது?’ என்று கேட்டேன். படம் போட்ட மெனு அட்டை வைத்திருந்த பெரிய கடை ஒன்றுக்கு அனுப்பினார்கள். இரவு பத்து மணிக்கு ஃபோ என்கிற சூப் வந்தது. சாறு ஆறிப்போய், அரிசி நூடுல்ஸ் ஊறிப்போய் இருந்தது. மறுநாள் விடிகாலை, விடுதி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ‘நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?’ என்று ஜாடையில் கேட்டேன். துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு அவரே கூட்டிப்போனார்.

சந்து முனையில் குட்டைப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள், ஒரு கரியடுப்பு. விற்பது ஒன்றே ஒன்று: கோம் தாம். நம் பேச்சில் சொன்னால் குருணைச் சோறு. ஆலையில் உடைந்து விழுகிற நொய், ஒரு காலத்தில் இல்லாதவர்கள் சாப்பிட்டது. இன்று வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சாப்பிடுகிறார்கள். அதன்மேல் கரியில் வாட்டிய பன்றி இறைச்சி, புளிப்பேறிய கேரட், முள்ளங்கி, சிறு கிண்ணத்தில் இனிப்பும் உப்புமான மீன்சாறு, அதாவது ஃபிஷ் சாஸ். நொய் என்றால் கஞ்சிக்குத்தான் என்று எங்கள் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தத் தட்டைப் பார்த்ததும் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

ஃபோவையும் காலையிலேயே குடியுங்கள். கூடவே ஒரு தட்டு இலைகள் தருவார்கள். அதில் நீளமாக, ஓரம் பல்பல்லாக இருப்பது கேரளத்துக் கொல்லைகளில் வளர்க்கிற ஆப்பிரிக்கன் மல்லிதான். கிள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மதியத்துக்குக் கண்ணாடிப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு கறிகளை வரிசையாக வைத்திருக்கும் சோற்றுக்கடைகள் உண்டு. அவர்கள் மொழியில் அதற்குப் பெயரே ‘சாமானியர் சோறு’. விரலைக் காட்டினால் போதும், மொழி வேண்டாம்.

உங்கள் வீட்டம்மா விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சாதாரணக் கடையில் கீரை வதக்கலில்கூட மீன்சாறு இருக்கலாம். ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் அதையும் ஊற்றித்தான் தருவார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. கேட்க வேண்டிய சொல் ‘சய்’. பௌத்தர்களின் சைவ உணவுக்கு அதுதான் பெயர். அது பலகையில் எப்படி எழுதியிருக்கும் என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போலவே அங்கேயும் பலர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைவம். உங்கள் தேதிகளில் ஒன்று வந்தால் அதிர்ஷ்டம், அன்று சய் கடைகளில் கூட்டம் நிற்கும். அங்கே பான் ஸெயோ கேளுங்கள். அரிசிமாவு, மஞ்சள், தேங்காய்ப்பால் சேர்த்துக் கல்லில் மெலிதாக ஊற்றுவது. ‘ஸெயோ’ என்பது மாவு விழும்போது வருகிற சத்தம். நமக்கு ‘சொய்ங்’, அவர்களுக்கு ‘ஸெயோ’.

வயிற்றைப் பற்றிப் பயம் இருந்தால் கொதிக்கிற பானையிலிருந்து நேரே வருவதைச் சாப்பிடுங்கள், பாட்டில் தண்ணீர் குடியுங்கள். ஏற்பாட்டாளரிடம் இரவுச் சாப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வேளைகளை விட்டுவிடச் சொல்லுங்கள். விடுதியில் காலை பஃபே இலவசமாக இருந்தாலும் ஆறு மணிக்கே தெருவில் இறங்கிவிடுங்கள். திரும்பி வந்ததும் எழுதுங்கள். பான் ஸெயோ வீட்டம்மாவுக்குப் பிடித்ததா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.