காலரில் ரோமம் இருந்தால் அது ஏ-2 இல்லை

கேள்வி: டொரோண்டோவில் படிக்கும் மகன் ஒரு லெதர் ஜாக்கெட்டின் படத்தை அனுப்பி, வாங்கப் பணம் கேட்கிறான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகள் போட்ட 'ஒரிஜினல் ஏ-2' என்று விளம்பரத்தில் இருக்கிறது. காலரில் ரோமம், இரண்டு பக்கமும் கை விட்டுக்கொள்ளும் பாக்கெட். குளிருக்கும் ஆச்சு என்கிறான். வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது ஏ-2வே இல்லை.

ஏ-2 அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு 1931இல் ஏற்றுக்கொண்ட மாதிரி. அதற்கு முந்தைய ஏ-1க்குப் பொத்தான்; இதற்கு ஜிப். காலர் வெறும் தோல்தான், அதன் முனைகள் பிரஸ் பட்டனில் மாட்டிப் படிந்து நிற்கும். முதுகு ஒரே துண்டுத் தோல், பெரும்பாலும் குதிரைத்தோல். முன்பக்கம் மூடி வைத்த இரண்டு பாக்கெட். பக்கவாட்டில் கை நுழைக்கிற வழி போர்க்கால ஏ-2வில் கிடையாது.

ரோமக் காலர் கடற்படைக்காரர்களுடையது. போர்க்காலத்து எம்-422ஏ, 1947இல் வந்த ஜி-1 இரண்டிலும் அதைப் பார்க்கலாம். ஜி-1க்கு வெள்ளாட்டுத்தோல், கையை முன்னால் நீட்டினால் விரிந்து கொடுக்கிற மடிப்பு முதுகில் இருக்கும். 1986இல் வந்த 'டாப் கன்' படத்தில் டாம் குரூஸ் போட்டிருப்பது இந்த வகைதான். உங்கள் மகன் பார்த்ததோ இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் எடுத்துத் தைத்த ஃபேஷன் சரக்கு. நல்ல தோலாக இருந்தால் போடலாம், தப்பில்லை. ஆனால் 'ஒரிஜினல்' என்று சொல்லி விலை ஏற்றினால் கொடுக்காதீர்கள்.

நிஜமான பழைய ஏ-2 என்றால், கழுத்துக்கு உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாதிரியின் பெயர், ஆர்டர் எண், தைத்த கம்பெனி எல்லாம் அதில் நெய்திருக்கும். லேபிளையும் அச்சு அசலாகச் செய்கிறார்கள் என்பதால் அது மட்டும் போதாது. முதுகில் ஓவியம் இருந்தால் இன்னும் உஷார். குண்டுவீச்சு விமானக்காரர்கள் தங்கள் விமானத்தின் பெயரையும், பறந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டுப் படத்தையும் வரைந்துகொண்டது உண்மை. சீனா-பர்மா பக்கம் பறந்தவர்கள், 'இந்த வெளிநாட்டவர் போரில் உதவ வந்தவர், காப்பாற்றுங்கள்' என்று சீன மொழியில் எழுதிய துணியை ஜாக்கெட்டில் தைத்துக்கொண்டதும் உண்மை. ஓவியமும் துணியும் இருந்தால் விலை எங்கேயோ போகும். அதனாலேயே பழைய தோலில் புதிதாக வரைந்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். 1943இல் ராணுவம் துணி ஜாக்கெட்டுக்கு மாறி, ஏ-2 வாங்குவதை நிறுத்திவிட்டது. அப்படியென்றால் மிஞ்சியிருப்பதற்கு எண்பது வயதாவது இருக்கும். தினமும் போட்டால் தையல் தாங்காது. ஆசைப்பட்டால் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் நகல் என்று சொல்லியே கச்சிதமாகத் தைக்கிற கம்பெனிகளிடம் வாங்கட்டும். விலை அதிகம்தான், ஏமாற்று இல்லை.

அப்புறம் குளிர். ஏ-2வின் உள்துணி மெல்லிசு, நீளம் இடுப்போடு சரி. உயரத்தில் உறைபனியில் பறந்தவர்கள் இதை நம்பவில்லை. கம்பளியோடு பதனிட்ட செம்மறித்தோலில் தைத்த கனமான பி-3ஐப் போட்டார்கள். டொரோண்டோ ஜனவரிக்கு முதலில் ஒரு நல்ல பார்கா, அதாவது தலைமூடி வைத்த கனமான குளிர்கோட்டு, வாங்கிக் கொடுங்கள். ஏ-2 அக்டோபருக்கு ஆகும்.

கேள்வி: சென்னையில் வாங்கிய 'பைலட் ஜாக்கெட்' மூன்றே வருடத்தில் தோல் உரிவதுபோல உரிகிறது. பாலிஷ் போட்டால் சரியாகுமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: ஆகாது. அது பியு, அதாவது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். நம் ஊர் ஈரக்காற்றில் பீரோவில் சும்மா தொங்கினாலே அந்தப் பூச்சு சிதைந்து உரியும். அடுத்த முறை வாங்கும்போது உள்பக்கம் தையல் ஓரத்தைப் பாருங்கள்: வெட்டிய இடத்தில் நார் நாராகத் தெரிந்தால் தோல், நெய்த துணி தெரிந்தால் பியு. நிஜத் தோல் வாங்கினால் பிளாஸ்டிக் கவருக்குள் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணி உறை போதும்.