60 மாணவர்கள், 4 ஆசிரியர்கள்: எம்.எஸ்.டபிள்யூ. களப்பணி அலுவலகத்தை எப்படி அமைப்பது?

கேள்வி: எங்கள் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டு ஆண்டும் சேர்த்து 60 பேர் படிக்கிறார்கள். ஆசிரியர்கள் நான்கு பேர். அவரவர் மாணவர்களுக்கு அவரவரே ஏஜென்சி (களப்பயிற்சிக்கு இடம் தரும் நிறுவனம்) பிடித்துக் கொடுக்கிறோம். ஜூலை முடிந்தும் பாதிப் பேர் களத்துக்குப் போக முடிவதில்லை. தனியாகக் களப்பணி அலுவலகம் வைக்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. எத்தனை பேர் தேவை? யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது? (துறைத்தலைவர், தென் மாவட்டக் கல்லூரி)

பதில்: ஏஜென்சி பிடித்துத் தக்கவைப்பது ஒரு வேலை. களத்துக்குப் போன மாணவரை வழிநடத்துவது வேறு வேலை. முன்னது கோடை விடுமுறையில் நடக்க வேண்டியது, பின்னது செமஸ்டர் முழுக்க வாராவாரம் நடக்க வேண்டியது. இரண்டையும் ஒரே ஆசிரியரின் தலையில் கட்டும்போது ஏப்ரல், மே மாதங்களில் யாரும் கடிதம் அனுப்புவதில்லை. ஜூலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். உங்கள் தாமதத்துக்குக் காரணம் இதுதான்.

முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள். ஒரு ஆசிரியருக்கு 15 மாணவர்கள். ஒருவருக்கு வாரம் அரை மணி தனிச் சந்திப்பு (ஐ.சி.) என்றால் ஏழரை மணி. ஒருவரின் அறிக்கையைப் படித்துக் குறிப்பெழுத 20 நிமிடம் வைத்தால் இன்னும் 5 மணி. குழுச் சந்திப்பையும் ஏஜென்சிக்கு நேரில் போவதையும் சேர்க்காமலே பன்னிரண்டரை மணி ஆகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். களப்பணி நேரத்தை இதற்குள் கணக்கிடாத துறையில் ஐ.சி. முதலில் பத்து நிமிடமாகச் சுருங்கும், பிறகு வெறும் கையெழுத்தாகிவிடும். ஆகவே பணிப்பளுப் பட்டியலில் இதை எழுத்தில் ஏற்ற வேண்டும். அலுவலகம் திறப்பதைவிட இதற்கே முதலில் போராடுங்கள்.

ஒருவர் உருப்படியாக வழிநடத்தக்கூடியது 8 முதல் 10 பேரை. 12 வரை சமாளிக்கலாம். உங்கள் எண்ணிக்கைக்கு மூன்று ஆசிரியர்களுக்குத் தலா 12, களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருக்கும் நான்காமவருக்கு 8 என்று கொடுத்தால் மிச்சம் 16 பேர். மதிப்பூதியத்தில் இரண்டு பகுதிநேர வழிகாட்டிகளை வைத்துத் தலா 8 பேரைக் கொடுங்கள். ஐந்தாண்டுக்குக் குறையாமல் களத்தில் வேலை பார்த்த உங்கள் பழைய மாணவர்களே இதற்குப் பொருத்தமானவர்கள்.

ஒருங்கிணைப்பாளர் பதவியை ஆண்டுதோறும் சுழற்சியில் மாற்றாதீர்கள். ஏஜென்சி உறவு ஆளை நம்பியே நிற்கிறது, குறைந்தது மூன்று ஆண்டு ஒருவரே இருக்கட்டும். அவருக்கு வகுப்பையும் குறைக்க வேண்டும். அமெரிக்காவின் சமூகப்பணிக் கல்வி மன்றம் தன் 2015 தரவிதியில், முதுகலைத் திட்டத்தின் களப்பணி இயக்குநருடைய நேரத்தில் குறைந்தது 50 விழுக்காட்டைக் களப்பணி நிர்வாகத்துக்கென்றே ஒதுக்கச் சொன்னது. இங்கே அவ்வளவு கிடைப்பது கடினம். வாரம் 6 மணி நேர வகுப்பையாவது விடுவிக்கக் கேளுங்கள்.

அவருக்குக் கீழே ஒரு முழுநேரக் களப்பணி அலுவலர் வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவராக, வகுப்பு எடுக்காதவராக, பன்னிரண்டு மாதமும் பணியில் இருப்பவராக அமர்த்துங்கள். இதில் கடைசி நிபந்தனையை விட்டுக்கொடுக்கவே கூடாது. கடிதம், தொலைபேசி, ஏஜென்சிப் பதிவேடு, வருகைப் பட்டியல், அவசர அழைப்பு எல்லாம் அவர் பொறுப்பு. மாணவரை எங்கே அனுப்புவது, எப்போது மாற்றுவது, எந்த ஏஜென்சியை நிறுத்துவது என்பவை ஒருங்கிணைப்பாளர் முடிவு. இந்த எல்லையை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் மாணவர்கள் இருவரிடமும் மாறி மாறிப் போய் வேண்டிய பதிலை வாங்கிவிடுவார்கள். தட்டச்சுக்கும் கோப்புக்கும் துறை உதவியாளரே போதும்.

ஒரு ஏஜென்சிக்கு இரண்டு பேர் என்றால் 30 ஏஜென்சி வேண்டும். கையில் 36 இருக்கட்டும். நான்கு பேராக அனுப்பினால் தங்களுக்குள் பேசியே பொழுதைக் கழிப்பார்கள், ஒருவராக அனுப்பினால் பாதுகாப்புப் பிரச்சினை. கூடுதலாக ஆறு எதற்கு என்றால், ஏஜென்சியில் வழிகாட்டும் அலுவலர் மாற்றலாகிப் போவார், மகப்பேறு விடுப்பில் போவார். வெளிநாட்டு நிதி அனுமதி ரத்தாகித் தொண்டு நிறுவனம் நடு ஆண்டில் ஆட்களைக் குறைப்பதும் உண்டு. ஏஜென்சியின் பெயரையும் புகழையும் பார்த்துச் சேர்க்காதீர்கள். அங்கே மாணவரோடு வாரம் ஒரு மணி நேரம் உட்காரக்கூடியவர் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத இடத்தில் மாணவர்கள் கணினியில் தகவல் ஏற்றவும் விழாவுக்கு நாற்காலி போடவும்தான் பயன்படுவார்கள்.

பதிவேட்டில் முகவரியோடு நிறுத்தாதீர்கள். வழிகாட்டியின் படிப்பு, எத்தனை பேரை ஏற்பார், பேருந்து வழி, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, சென்ற ஆண்டு மாணவர்கள் உண்மையில் செய்த வேலை, நாம் கடைசியாக நேரில் போன தேதி எல்லாம் வேண்டும். மிக முக்கியமானது, அனுமதி தருபவர் யார், எத்தனை வாரம் ஆகும் என்பது. அரசு மருத்துவமனைக்கு டீன், குழந்தைகள் இல்லத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சிறைக்குச் சிறைத்துறைத் தலைமையகம் என்று கோப்பு வெவ்வேறு மேசைகளுக்குப் போகும். இவற்றுக்கான கடிதம் ஏப்ரலிலேயே கிளம்ப வேண்டும். தொழிற்சாலை மனிதவளப் பிரிவுக்கும் சிறு தொண்டு நிறுவனங்களுக்கும் மே கடைசி போதும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாமல் நாட்கள், தொடக்க முடிவுத் தேதிகள், எண்ணிக்கை, கல்லூரி வழிகாட்டியின் கைபேசி எண், மாணவர் செய்யக்கூடாதவை எல்லாம் அதில் இருக்கட்டும்.

களப்பணி நாளையும் யோசித்து முடிவு செய்யுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாளாக இருந்தால் நேற்றுப் பார்த்த குடும்பத்தை இன்று மறுபடி பார்க்கலாம். உங்கள் ஊர்க் கல்லூரிகள் எல்லாம் வியாழன், வெள்ளி என்று போனால் நீங்கள் செவ்வாய், புதனுக்கு மாறுங்கள். நேற்று வரை இடமில்லை என்றவர்களிடமே இடம் இருக்கும்.

மாணவரை இடத்தோடு பொருத்துமுன் ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவரிடமும் கால் மணி நேரமாவது தனியாகப் பேசட்டும். தகப்பனின் குடியால் அல்லல்படும் வீட்டிலிருந்து வரும் பெண்ணை, கேட்காமல் போதை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினால் இரண்டாம் வாரமே வராமல் நின்றுவிடுவாள். இந்தப் பேச்சில் தெரிந்ததைக் கோப்பில் எழுதக்கூடாது.

வருகைத் தாளை மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எட்டு நாள் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் கடைசி நாளில் மொத்தமாக வாங்கியது. மாணவரைக் கேட்பதற்கு முன் ஏஜென்சி வழிகாட்டியிடம் பேசுங்கள். பெரும்பாலும் அந்த வழிகாட்டியே அங்கு வாரக்கணக்கில் இருந்திருக்க மாட்டார்.

இரண்டு சட்ட விஷயங்களை மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, 74-ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. எனவே அறிக்கையில் பெயர், பள்ளி, தெரு எதுவும் வேண்டாம், குறியீட்டு எண் போதும். போக்சோ சட்டம் 2012, 19-ஆம் பிரிவின்படி குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அப்படித் தெரியவந்த அன்றைக்கே அழைக்க வேண்டியவரின் எண் மாணவர் கைபேசியில் இருக்க வேண்டும். மாணவிக்கே ஏஜென்சியில் தொல்லை என்றால், ‘அது வெளியிடம்’ என்று கல்லூரி கைகழுவ முடியாது. யு.ஜி.சி.யின் 2015 பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகளில் களப்பயணமும் பயிற்சி இடமும் வளாகத்துக்குள் அடங்கும். உள்புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். விசாரணை முடியும்வரை காத்திராமல் அன்றே இடம் மாற்றுங்கள். அந்த ஆறு கூடுதல் ஏஜென்சிகள் கைகொடுப்பது அப்போதுதான்.

நிர்வாகம் இந்த ஆண்டு ஒரே ஒரு பணியிடம்தான் தரும் என்றால் பகுதிநேர வழிகாட்டிகளைத் தள்ளிவைத்து முழுநேர அலுவலரைக் கேளுங்கள். அவர் வந்தாலே கடிதத்திலும் தொலைபேசியிலும் கரையும் ஆசிரியர் நேரம் ஐ.சி.க்குத் திரும்பிவிடும். ஜூனில் அமர்த்துவதில் பயனில்லை. மார்ச் கடைசிக்குள் அவர் இருக்கையில் உட்கார்ந்தால்தான் ஏப்ரல் கடிதங்கள் போகும்.