கேட்காமல் போட்ட கோடு: 2014ஆம் ஆண்டின் ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். ஒன்பது வருடமாகக் குடும்பத்தோடு ஸ்காட்லாந்தில் அபர்டீனில் இருக்கிறோம். அவருக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை, நான் நர்ஸ். இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். வருகிற செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று இங்கே வாக்கெடுப்பு. காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் என்பதால் எங்களுக்கும் ஓட்டு உண்டு. போன மாதம் பதினாறு முடிந்த மகனுக்கும் உண்டு. அவன் 'யெஸ்' பேட்ஜ் குத்திக்கொண்டு திரிகிறான். வேலை போய்விடும் என்று அவர் 'நோ' பக்கம். ராத்திரி சாப்பாட்டு நேரமெல்லாம் சண்டை. எனக்கு வெறுத்துவிட்டது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு வந்து, மாதக் கடைசி வரை அம்மாவோடு இருந்துவிடலாம் என்று டிக்கெட் எடுத்துவிட்டேன். பிழைக்க வந்த விருந்தாளிகள் நாம். அவர்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் நமக்கென்ன பேச்சு? நான் நினைப்பது சரிதானே அண்ணே? ஊரில் மனை வாங்கச் சேர்த்த பணத்தை, பவுண்டு விழுவதற்குள் அனுப்பிவிடட்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பவுண்டைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். தனி நாடானால் பவுண்டைப் பகிர்ந்துகொள்ள மாட்டோம் என்று லண்டன் சொல்கிறது, பகிர்ந்துதான் ஆக வேண்டும் என்று எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசு சொல்கிறது. மனையைப் பார்த்து, வில்லங்கம் பார்த்து, பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள். வாக்கெடுப்புக்குப் பயந்து மனை வாங்காதீர்கள்.

என்னைக் கோபப்படுத்தியது 'விருந்தாளி' என்ற சொல். ஒன்பது வருடம் வரி கட்டியவர் விருந்தாளியா? ராத்திரி ஷிஃப்டில் அந்த ஊர்க் கிழவர்களைப் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கிறவர் விருந்தாளியா? உங்களை அந்த நாட்டுச் சட்டம்கூட அப்படிச் சொல்லவில்லை. இந்த வாக்கெடுப்பின் பட்டியல் எங்கே பிறந்தாய் என்று பார்க்கவில்லை, எங்கே குடியிருக்கிறாய் என்று பார்க்கிறது. ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் குடியிருப்பவருக்கு ஓட்டு இல்லை. தங்க அனுமதியோடு அபர்டீனில் குடியிருக்கும் தங்கச்சிமடத்துக்காரிக்கு உண்டு. கோடு யார் வாசலில் விழப்போகிறதோ அவரைக் கேட்டுவிட்டுப் போடுவோம் என்கிறார்கள். உலகத்தில் எத்தனை கோடுகள் இப்படிக் கேட்டுப் போடப்பட்டிருக்கின்றன, தங்கச்சி?

உங்கள் கடிதம் வந்தபோது நான் யோசித்துக்கொண்டிருந்ததும் ஒரு கோட்டைப் பற்றித்தான். இந்த ஜூனோடு கச்சத்தீவு ஒப்பந்தத்துக்கு நாற்பது வருடம் ஆகிறது. 1974இல் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் போட்ட கோடு, கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி நம் பக்கமாக இறங்குகிறது. ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், விசாவோ பயணப் பத்திரமோ கேட்கக் கூடாது என்கிறது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் அடுத்தவர் கடலில் பரம்பரையாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. இரண்டே வருடத்தில், 1976 மார்ச்சில் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். தீவின் அந்தோனியார் திருவிழாவுக்குப் போகலாம், வலை காயவைக்கலாம், மீன் பிடிக்கக் கூடாது என்று ஆனது. பாம்பனில், தங்கச்சிமடத்தில், ராமேஸ்வரத்தில் ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டதுண்டா?

கேட்டிருந்தால் ஒரு விஷயமாவது சொல்லியிருப்பார்கள். வழிவலை போடுகிறவன் வலையின் ஒரு முனையைப் படகில் கட்டிக்கொண்டு நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, மிதக்கிறான். வலையும் படகும் சேர்ந்து நகரும், அதுதான் அந்தத் தொழிலே. சாயங்காலம் நம் பக்கம் போட்ட வலை, நீவாடு கிழக்கே இழுத்தால் விடியும்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கும். காற்று ஏறிவிட்டால் வலையை அவசரமாகப் படகில் இழுத்து ஏற்றவும் முடியாது, அறுத்துவிட்டு வந்தால் முதல் போயிற்று. கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு, இன்ன வலைக்கு, இன்ன மாதங்களில் இரு பக்கத்தாரும் கலந்து தொழில் செய்யலாம் என்று ஒரு பட்டை விட்டிருக்கலாம். கோட்டுக்குப் பதில் பட்டை என்பது கடலில் வலை போட்டவனுக்குத் தோன்றும் யோசனை. விசைப்படகு இழுத்துப்போகும் இழுவைமடி வலை அக்கரைத் தமிழனின் வலையை அறுத்துக்கொண்டு போவதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். அவனையும் 1974இல் யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வருகிற அக்டோபர் 30 வந்தால் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு ஐம்பது வருடம். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேங்காய்க்குக் கணக்கு எழுதுவதைப் போல மனிதர்களுக்கு எழுதினார்கள். எந்த நாடு வேண்டும் என்று விண்ணப்பம் வாங்கியதெல்லாம் எண்ணிக்கையை முடிவு செய்த பிறகு. இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய அளவுக்கு விண்ணப்பங்கள் வரவில்லை, அப்போதும் எண்ணிக்கைதான் நின்றது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனவர்களில் பாதிப்பேர் இந்தியாவை முதல்முறையாகப் பார்த்தவர்களாக இருந்திருப்பார்கள். புதுச்சேரியில்கூட 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் ஓட்டுப் போட்டது 178 பிரதிநிதிகள்தான். 170 பேர் இந்தியாவோடு இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அந்த முடிவு எனக்கும் உவப்பானதே. ஆனாலும் ஜனங்களின் கையில் சீட்டு கொடுக்கவில்லை.

இந்தக் கரையில் பிறந்த உங்கள் கைக்கு அந்தச் சீட்டு வருகிறது. நீங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடி வருகிறேன் என்கிறீர்கள்.

போடாமல் இருந்தால் யார் பக்கமும் சேராமல் தப்பிக்கலாம் என்று நினைப்பீர்கள். அதே ஸ்காட்லாந்தில் 1979 மார்ச் 1 அன்று தனிச் சட்டசபை வேண்டுமா என்று கேட்டார்கள். போட்டவர்களில் 51.6 சதவீதம் 'ஆம்' என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் 'ஆம்' சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். வந்தது 32.9. சட்டசபை கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தவரும் 'இல்லை' என்று போட்டதாகவே கணக்கானது. இந்த முறை அப்படி விதி இல்லை, ஒரு ஓட்டு கூடினாலும் கூடியதுதான். அதனாலேயே போடாத ஓட்டுக்குக் கனம் அதிகம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், தனி நாடாகலாமா என்று 1995இல் கேட்டபோது இரு பக்கத்துக்கும் வித்தியாசம் 54,288 ஓட்டு. செல்லாதவை என்று ஒதுக்கிய சீட்டுகள் மட்டும் 86,000க்கு மேல். அங்கே கேள்வியும் அப்படி: பங்காளித்துவ யோசனை, சட்ட மசோதா, ஜூன் 12 உடன்படிக்கை எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் திணித்திருந்தார்கள். உங்களுடைய கேள்வி ஒரே வரி: ஸ்காட்லாந்து தனி நாடாக இருக்க வேண்டுமா? முதலில் 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்று தொடங்கியிருந்தார்கள். அது ஆளை 'ஆம்' பக்கம் தள்ளுகிறது என்று தேர்தல் ஆணையம் சொன்னதும் எடுத்துவிட்டார்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செப்டம்பர் 2க்குள் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், கவுன்சிலின் பதிவு அலுவலகத்துக்கு இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். மகனுக்கும் தனியாகக் கேளுங்கள், இளையவர் பெயர் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். தபால் ஓட்டைத் தங்கச்சிமடத்துக்கு வரவழைக்கலாம் என்று எண்ண வேண்டாம், வந்து திரும்பிப் போவதற்குள் எண்ணி முடித்திருப்பார்கள். அபர்டீனிலிருந்தே தபாலில் போட்டாலும், கூடவரும் படிவத்தில் பிறந்த தேதி கேட்ட இடத்தில் பலர் அன்றைய தேதியை எழுதிவிடுவார்கள், ஓட்டு தள்ளுபடியாகும். கையெழுத்தும் விண்ணப்பத்தில் போட்டதைப் போலவே இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் தமிழ் கையெழுத்து, படிவத்தில் இங்கிலீஷ் கையெழுத்து என்றால் செல்லாது.

நேரில் போடுவதே நல்லது. காலை 7 முதல் இரவு 10 வரை நேரம், 10 மணிக்கு வரிசையில் நின்றிருந்தால் சீட்டு கொடுத்தாக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து போனாலும் போதும். விரலில் மை கிடையாது, மெஷின் கிடையாது. காகிதம், பென்சில், ஒரு பெருக்கல் குறி. இரண்டு கட்டத்திலும் குறி போட்டால் செல்லாது, பெயரோ கையெழுத்தோ போட்டாலும் செல்லாது. பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்கும் ஆசையும் வேண்டாம். குறி தப்பிவிட்டால் பெட்டியில் போடாமல் அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டு வாங்கலாம்.

'யெஸ்'ஸா 'நோ'வா என்று நான் சொல்ல மாட்டேன், நான் அந்த ஊரில் குடியிருக்கவில்லை. அவருடைய பயம் நியாயமானது, எண்ணெய் விலையை நம்பிப் பிழைக்கிற ஊரில் அப்படித்தான் பயம் வரும். பையனுடைய ஆசையும் நியாயமானது. பதினாறு வயதில் அவனைக் கூப்பிட்டு ஒரு நாட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், பேட்ஜ் குத்தாமல் என்ன செய்வான்? அவர்கள் சத்தம் போடும்போது நீங்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்து உங்கள் வார்டில் பார்ப்பதைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி என்ன ஆகும் என்று அந்த வீட்டில் உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அம்மாவைப் பார்க்க வராதீர்கள் என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், அன்றோடு கொடி இறங்கிவிடும். 9ஆம் தேதி வேளாங்கண்ணியிலிருந்து கிளம்பினால் தங்கச்சிமடத்தில் அம்மாவோடு முழுசாக ஐந்து நாள் இருக்கலாம். 15ஆம் தேதி ராத்திரி ராமேஸ்வரத்தில் ரயிலேறினால் 16ஆம் தேதி சென்னை, 17ஆம் தேதி அபர்டீன். டிக்கெட்டை மாற்றக் கொஞ்சம் பணம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். மாற்றியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.