டெய்சிப் பூ மருந்தாகுமா?

கேள்வி: தொட்டியில் டெய்சி பூத்துக் குலுங்குகிறது. அது மருந்தாகவும் பயன்படும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எந்த டெய்சி என்று முதலில் பாருங்கள். ஜெர்பெராவையும் டெய்சி என்பார்கள். அது இதற்கு உதவாது. ஐரோப்பியப் புல்வெளிகளில் தரையோடு ஒட்டி வளரும் 'பெல்லிஸ் பெரென்னிஸ்'தான் மூலிகை. ஆங்கிலேயர் அதற்கு வைத்த பழைய பெயர் 'ப்ரூஸ்வொர்ட்', அதாவது ரத்தக்கட்டுப் பூண்டு. இலையையும் பூவையும் நசுக்கி, அடிபட்டுக் கன்றிய இடத்தில் பற்றுப் போடுவார்கள். தோல் கிழிந்திருந்தால் நான் வைக்க மாட்டேன். இருமலுக்குக் கஷாயமாகவும் குடித்திருக்கிறார்கள். அதற்கு வலுவான மருத்துவச் சான்று இல்லை. கர்ப்பிணிகள் குடிக்கவே வேண்டாம். இது சாமந்திக் குடும்பம். சாமந்தியைக் கண்டாலே தும்முகிறவர்கள் (நானும் அந்த ரகம்தான்) தொட்டியைத் தள்ளி வைத்துப் பார்த்து ரசியுங்கள்.